பறை என்றால் சொல்

பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தையில் விடியுமுன் நின்று கவனித்தால் இரண்டு மொழிகள் காதில் விழும். தக்காளியும் கத்திரியும் வெண்டையும் கேரளத்துக்கு ஏறிக்கொண்டிருக்கும் வேளையில், மலைக்கு அப்பாலிருந்து வந்த ஓட்டுநர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். 'பறஞ்ஞு' என்பார்கள், 'பறயாம்' என்பார்கள். சொன்னான், சொல்லலாம் என்பதே பொருள். நம் ஊர்ச் சுமைதூக்குவோருக்கும் அது நன்றாக விளங்கும். ஆனால் அதே சொல் தமிழில் ஒரு காலத்தில் அதே பொருளில் வழங்கியது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? பறைதல் என்றால் சொல்லுதல். பறை என்றால் சொல். சொல்லைச் சுமந்து சென்று ஊருக்கு அறிவிக்கும் கருவியும் பறை. வாயால் பறைவதை வைத்துக்கொண்டவர்கள் மலையாளத்தார். நாம் கருவிக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்கி, கருவியையும் ஊருக்கு வெளியே ஒதுக்கி, அதை அடித்தவரையும் ஒதுக்கிவிட்டோம்.

பழைய இலக்கணம் அப்படி ஒதுக்கவில்லை. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களைச் சொல்லும்போது தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றின் வரிசையில் பறையையும் வைக்கிறது. நிலத்துக்கு நிலம் பறை மாறும். குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை என்பர் உரையாசிரியர்கள். குற்றால மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வாழும் நமக்கு அது சொந்தப் பறை. புறநானூற்றின் 335-ஆம் பாட்டு, பறையர் குடியை வேறு மூன்று குடிகளோடு சேர்த்து, இவற்றுக்கு ஒப்பான குடியில்லை என்னும் கருத்தில் போற்றுகிறது. அந்தப் பெருமை எந்த நூற்றாண்டில், எப்படி இழிவாகத் திரும்பியது என்பது நீண்ட வரலாறு. அதனை ஈண்டு விரிக்க இடமில்லை.

கருவி எளியது. மரக்கட்டைகளை வளைவாகச் செதுக்கி, இரும்புத் தகடு வைத்துப் பிணைத்து வட்டமாக்குவார்கள். அதன்மேல் பதப்படுத்திய கன்றுத்தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டுவார்கள். வலக்கையில் தடித்த அடிக்குச்சி, இடக்கையில் மூங்கிலில் சீவிய நீண்ட சிண்டுக்குச்சி. வாசிக்குமுன் வைக்கோலையோ சருகையோ கொளுத்தித் தோலைச் சூடேற்றுவார்கள். தீயில் காய்ந்த தோல் விறைத்து, ஒரு தட்டுக்கே கணீரென்று பேசும். ஈரம் ஏறிவிட்டால் குரல் தாழும். மறுபடி தீமூட்ட வேண்டும். சாரல் காலத்தில் நம் பக்கத்துக் கலைஞர்கள் படும் பாடு இதுவே. வாசிக்கும் நேரத்தில் பாதி, நெருப்பருகில் கழியும்.

இக்கருவி பெரும்பாலும் சாவு வீட்டில்தான் நம் காதுக்கு எட்டியது. செத்தவர் யார், எந்தத் தெரு என்பதைப் பறை முதலில் சொல்லும்; பிறகுதான் மனிதர் சொல்வர். அடித்தவர் பந்தலுக்கு வெளியே நிற்பார். தோல் தீட்டு, சாவு தீட்டு, அடிப்பவரின் பிறப்பும் தீட்டு என்று மூன்று தீட்டுகளை ஒரே வட்டத்துக்குள் கட்டிவைத்தது ஊர். பெண்கள் அதைத் தொடலாகாது என்பது நான்காவது கட்டு. அக்கட்டை அடித்தவர்களின் வீட்டு ஆண்களே போட்டுக்கொண்டார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1990-ஆம் ஆண்டில் திண்டுக்கல்லில் ஓர் அருட்சகோதரி இந்த நான்கு கட்டுகளையும் ஒருசேர அவிழ்க்கத் துணிந்தார். அவர் பெயர் சந்திரா. மரியாவின் மாசற்ற இருதய மறைபரப்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்தவர். ஐ.சி.எம். என்று சுருக்கமாக அறியப்படும் அச்சபை நமக்கு அந்நியமானதன்று. பெல்ஜிய நாட்டிலிருந்து வந்த அன்னை மரி லூயிஸ் தெ மெஸ்டர் 1897-இல் குமரி மாவட்டத்து முளகுமூட்டில் ஆதரவற்ற குழந்தைகளிடையே தொடங்கிய பணியில் முளைத்தது அது. சகோதரி சந்திரா தொடங்கிய குழுவின் பெயர் சக்தி. பள்ளிப்படிப்பைப் பாதியில் விட்ட தலித் பெண்பிள்ளைகளைச் சேர்த்துத் தங்கவைத்து, பறையாட்டமும் ஒயிலாட்டமும் கும்மியும் கோலாட்டமும் கற்பித்தார்கள். தையலும் கற்பித்தார்கள். இவற்றோடு, தங்கள் வாழ்க்கை ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கவும் கற்பித்தார்கள். சாதி, வறுமை, பெண்ணாகப் பிறந்தமை ஆகிய மூன்றும் எப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன என்பது அங்கே ஒரு பாடம்.

பறையாட்டத்தில் நின்றபடி வாசிக்க வழியில்லை. தோளிலிருந்து வாரில் தொங்கும் பறையை இடுப்போடு அணைத்து, அடவுக்கு அடவு கால் மாற்றி, குதித்து, வட்டமிட்டு, குனிந்து நிமிர்ந்து வாசிக்க வேண்டும். கால் அகல வைக்க வேண்டும். பார்வை நேரே இருக்க வேண்டும். தோள் விரிய வேண்டும். தலை குனிந்து நட, சிரிப்பு வெளியே கேளாதிருக்கட்டும், கால் ஒடுங்கட்டும் என்று பதினாறு வயது வரை கேட்டு வளர்ந்த பெண்ணிடம் இக்கலை நேர் எதிராக எல்லாவற்றையும் கேட்கிறது. சொற்பொழிவு பல கேட்டும் நிமிராத முதுகு, பறையின் எடைக்கு ஈடுகொடுக்க நிமிர்கிறது. கலை உடம்பின் வழியாக உள்ளத்துக்குள் போகும் பாதை இது என்று நாம் கருதுகிறோம்.

இக்குழுவை அமெரிக்க இசையாய்வாளர் ஸோயி ஷெரினியன் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படத்தை எடுத்தார். கறுப்பின மக்களின் இசைப்போராட்டத்தைக் கண்ட நாட்டிலிருந்து வந்தவருக்குத் திண்டுக்கல்லில் ஒலிக்கும் தோலின் பொருள் எளிதில் விளங்கியிருக்கும்.

அந்தப் போராட்டம் வாசக அன்பர்கள் பலருக்குப் புதிதாயிருக்கலாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபோது முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். மறு ஆண்டே வந்த சட்டம் அடிமைகளின் கையில் முரசு இருப்பதைத் தடை செய்தது. முரசு பேசும் என்பதை ஆண்டைகள் நன்றாக அறிந்திருந்தார்கள். முரசு பிடுங்கப்பட்ட மக்கள் கைதட்டியும் தரையைக் காலால் தட்டியும் தாளத்தைக் காப்பாற்றினர். அவர்களின் கோவில் பாட்டிலும் வயற்பாட்டிலும் ஊறி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது ஜாஸ் இசை. அவ்விசையில் ஒரு மெட்டு உண்டு. மெட்டுக்கு அடியில் ஒரு சுரக்கட்டு உண்டு. ஒவ்வொருவரும் முறைவைத்து அக்கட்டுக்குள் தம் கற்பனையை விரிப்பர். 1960-ஐ ஒட்டிச் சிலர் அந்தக் கட்டையும் தளர்த்தினார்கள். முறைவைத்துப் பேசுவதை விட்டு, எல்லாரும் ஒருங்கே பேசி, ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே போவோம் என்றார்கள். ஆர்னெட் கோல்மன் 1960 டிசம்பரில் பதிவு செய்த இசைத்தட்டின் பெயரே அதற்கும் பெயராயிற்று: 'ஃப்ரீ ஜாஸ்', விடுதலை ஜாஸ். முதன்முறை கேட்போருக்கு அது கூச்சலாகவே இருக்கும். கோவில் கொடையில் தவிலும் பம்பையும் நாகசுரமும் போட்டி போட்டு மோதிக்கொள்ளும் நள்ளிரவை அறிந்த நம் ஊர்க்காரருக்கு அத்தனை அதிர்ச்சி இராது.

அதே 1960-இல் மேக்ஸ் ரோச் என்ற முரசுக் கலைஞர் கறுப்பின விடுதலையைப் பொருளாக வைத்து ஓர் இசைத்தொகுதி செய்தார். அதில் ஓர் உருப்படிக்கு மூன்று பகுதிகள்: இறைவேண்டல், எதிர்ப்பு, அமைதி. ரோச்சின் முரசும் ஆபி லிங்கனின் குரலும் மட்டுமே அதில் உண்டு. நடுப்பகுதியில் அப்பெண் பாடவில்லை, வீறிடுகிறார். மூன்றாண்டு கழித்து, 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை, அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில் கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் வெடிகுண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். ஜான் கோல்ட்ரேன் அந்த நவம்பரிலேயே 'அலபாமா' என்ற சிறு உருப்படியைப் பதிவு செய்தார். அதில் சொல்லே கிடையாது. ஒப்பாரிக்குச் சொல் தேவையில்லை என்பது நம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரியும்.

நம் திருச்சபையும் இக்கதைக்குள் வருகிறது. மேரி லூ வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் 1957-இல் கத்தோலிக்கரானார். இனக்கலப்பில் பிறந்து இழிவைச் சுமந்த பெரு நாட்டுத் துறவி மார்ட்டின் தெ போரஸ் 1962-இல் புனிதராக உயர்த்தப்பட்டதும் அவரைப் போற்றி இசையமைத்தார். அவருடைய ஜாஸ் திருப்பலி இசை 1975-இல் நியூயார்க் புனித பேட்ரிக் பேராலயத்தில் ஒலித்தது. அவர் விடுதலை ஜாஸ் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர்களோடு அவருக்குக் கருத்து வேறுபாடும் உண்டு. ஆயினும் மதுக்கடை இசை என்று தள்ளப்பட்ட ஒன்றைப் பீடத்துக்கு முன் கொண்டுவந்து நிறுத்தியவர் அவர்.

இந்த இசைஞர்களில் நாம் சக்தியோடு சேர்த்து எண்ணிப் பார்ப்பது, உலகப் புகழ் பெறாத ஒருவரை. லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ஹொரேஸ் டாப்ஸ்காட், லயனல் ஹாம்ப்டனின் பெரிய இசைக்குழுவில் ஊர் ஊராகச் சென்று வாசித்துக்கொண்டிருந்தவர். ஒரு கட்டத்தில் இந்தப் பிழைப்பு போதும் என்று தம் நகரிலேயே நின்றுவிட்டார். 1961-இல் தம் தெருக்களின் இளைஞர்களைச் சேர்த்து ஒரு குழுவைக் கட்டினார். பான் ஆப்ரிக்கன் மக்கள் ஆர்கெஸ்ட்ரா என்று அது பின்னர் பெயர் பெற்றது. பெயரை எழுதும்போது முதலெழுத்துகளை மாற்றிப் 'பேழை' என்ற பொருள் வருமாறு எழுதினார்கள். நோவாவின் பேழையில் உயிரினங்கள் காக்கப்பட்டது போலத் தங்கள் மக்களின் இசை இதில் காக்கப்பட வேண்டும் என்பது கருத்து. பூங்காக்களிலும் பள்ளிகளிலும் வாசித்தார்கள். 1965 ஆகஸ்டில் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்த பின்னும் அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். 1970-களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கிறிஸ்தவ ஆலயத்தில் கூடி வாசித்தார்கள். குழுவின் பெயரில் இசைத்தட்டு வெளிவந்தது 1978-இல். பதினேழு ஆண்டுகள் கழித்து! 1999-இல் அவர் மறைந்தார். அவர் கைவழி வந்த இளைஞர்கள் குழுவைத் தொடர்ந்து நடத்துகிறார்கள்.

இக்குழுவின் வரலாற்றை எழுதப் புகுந்தால் விருதும் விற்பனையும் வைத்து எழுத இயலாது. யாருக்குக் கற்பித்தார்கள், அவர்கள் எங்கே போனார்கள் என்றுதான் எழுத வேண்டும். சக்தியின் வரலாறும் அப்படிப்பட்டதே. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வந்து தங்கிக் கற்றுச் சென்ற பெண்கள் இன்று ஏதோ ஓர் ஊரில் தாயாக, தொழிலாளியாக வாழ்கிறார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசுகிறார்களா? மகளைப் படிக்கவைக்கிறார்களா? குழுவின் கச்சேரி அங்கே நடந்துகொண்டிருக்கிறது.

தமிழகத்தில் இதற்குக் கருத்து உரமிட்டவர்களுள் தென்னிந்தியத் திருச்சபையின் அருள்திரு தியாபிலஸ் அப்பாவு முக்கியமானவர். 1940-இல் பிறந்து, மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றி, 2005-இல் மறைந்தவர். 'பரட்டை' என்றால் பலருக்குத் தெரியும். கருநாடக இசையில் வல்லவராயிருந்தும் நாட்டுப்புற இசைக்கு வந்தார். கற்றோர் வகுத்த கிருதியில் ஒரு சுரத்தை மாற்றினால் பிழை என்பர். கிராமத்துப் பாட்டை அவரவர் தம் வாழ்வுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம், மாற்றினால்தான் அது வாழும் என்பது அவர் வாதம். 1994-இல் அவருடைய கிராமிய இசை வழிபாடு வெளிவந்தது. நற்கருணையை ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதோடு இணைத்துக் கண்டார். விடுதலை ஜாஸ் கலைஞர்கள் நியூயார்க்கில் கண்டதையும் இவர் அரசரடியில் கண்டதையும் அடுத்தடுத்து வைத்தால், இரண்டும் ஒரே கேள்வியைக் கேட்பது தெரியும்: பாட்டை மாற்றும் உரிமை யாருக்கு?

இனி நம் வீட்டுக்கு வருவோம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4-இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு, ஒவ்வொரு மக்களினத்துக்கும் உரிய இசைமரபை மதித்து இடமளிக்கச் சொன்னது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. பறை நம் பங்குகளுக்குள் வந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயர் வருகையா, கொட்டு உண்டு. புதுநன்மை ஊர்வலமா, கொட்டு உண்டு. காணிக்கைப் பவனியில் பழத்தட்டோடு பறையும் வரும். விடுதலைப்பயண நூலில் கடலைக் கடந்தபின் மிரியாம் தோற்கருவியைக் கையிலெடுக்கப் பெண்கள் ஆடிக்கொண்டு பின்சென்றதை மறையுரையில் கேட்கிறோம். திருப்பாடல் 150-ஐ ஆர்வத்தோடு பாடுகிறோம். கருவிக்கு வாசல் திறந்தாயிற்று.

ஒரு பங்குத் திருவிழாவில் நாம் கண்டதைச் சொல்கிறோம், ஊர்ப்பெயர் வேண்டாம். வளைவின் அருகே விருந்தினரை எதிர்கொண்டு ஆறு பேர் பறை வாசித்து வந்தார்கள். கோவில் வாசல் வந்ததும் ஒலி நின்றது. விருந்தினர் உள்ளே போனார்; மக்கள் உள்ளே போனார்கள்; ஆறு பேரும் வேப்பமரத்தடிக்குப் போனார்கள். திருப்பலி முடியும்வரை அங்கேயே இருந்தார்கள். பக்கத்துக் கிளைப்பங்கைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் அவர்கள். திருமுழுக்கும் உறுதிப்பூசுதலும் பெற்றவர்கள். அவர்களுள் மூத்தவரிடம், "உள்ளே வரலாமே, அண்ணாச்சி?" என்றோம். "நீங்க போங்க ஐயா. இத எங்க வைக்க?" என்று மடியிலிருந்த பறையைத் தட்டிக் காட்டினார். வைப்பதற்குக் கோவிலில் இடமில்லாமல் இல்லை. கொடிக்கயிற்றுக்கும் குடைக்கும் இடம் இருக்கிறது.

சுவர் எழுப்பியவர்கள் நாம் என்பதை நெல்லைச் சீமைக் கத்தோலிக்கர் மறக்க முடியாது. வடக்கன்குளத்தில் சாதிக்கொரு பக்கமாக ஆலயத்தைப் பிரித்த தடுப்பு 1910-இல் அருட்தந்தை கௌசானல் காலத்தில் இடிக்கப்பட்டது. அதற்கு அவர் சந்தித்த எதிர்ப்பு சிறிதன்று. 2003 நவம்பரில் தமிழக ஆயர்கள் உரோமைக்குச் சென்றபோது திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவர்களிடம் சாதிப் பாகுபாட்டை வெளிப்படையாகவே கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவருக்கென ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது. நாட்டின் சட்டமோ 1950-ஆம் ஆண்டு ஆணையின்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியலினத் தகுதியை இன்னும் மறுக்கிறது. அதற்காக ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறோம். அரசிடம் கேட்பது நியாயமே. அரசிடம் கேட்கும் ஊர்வலத்தின் முன்னால் பறை வாசித்துச் செல்பவரும் அவரேதான்.

பறையே வேண்டாம் என்று சொல்லும் தலித் மக்களும் உண்டு. அவர்கள் குரலை நாம் லேசாகக் கடந்துபோகக் கூடாது. பறையடிப்பது அவர்கள் தந்தையர்க்குக் கலையாக வாய்க்கவில்லை; கூலியின்றி, மறுக்கவும் உரிமையின்றிச் சுமந்த ஊழியமாக இருந்தது. மறுத்தவர் அடிபட்டார், குடிசை இழந்தார். அந்த நினைவுள்ள ஒருவர் தம் மகன் கையில் பறையைப் பார்க்க விரும்பாததில் வியப்பில்லை. அவருக்குச் சக்தி என்ன விடை சொல்லும்? மறுக்கும் உரிமை உள்ளவர் கையில்தான் பறை கலையாகிறது என்று சொல்லக்கூடும். சாவுக்கு வா என்றால் வரமாட்டேன் என்று சொல்ல முடிகிறவர், மேடையில் தாமே விரும்பி வாசிக்கிறார். அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரும் வெள்ளையரின் மதுக்கடையில் சிரித்துக்கொண்டே வாசிக்க மறுத்த பிறகே தம் இசையை விடுதலை இசை என்றார். ஆயினும் பறையைக் கீழே போட்டவரை மீண்டும் எடு என்று சொல்லும் தகுதி, அதை என்றும் சுமக்காத நமக்கு இல்லை என்றே எண்ணுகிறோம்.

பிந்திய ஆண்டுகளில் காற்று சற்று மாறியிருக்கிறது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு 2018 ஜனவரி 6-இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில், ஒரு கிறிஸ்தவப் பள்ளியின் திடலில் அரங்கேறியது. பத்தொன்பது பேர், கானாப் பாடகர்களும் பறை, சட்டி வாசிப்பவர்களும் கித்தார் வாசிப்பவர்களும் ஒரே மேடையில். அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதியற்ற' என்ற சொல்லே பெயருக்கு மூலம். பத்தொன்பது பேரில் பெண் ஒருவரே, இசைவாணி. 2025-இல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் 1990-இலிருந்தே, பெண்கள் மட்டுமே பறை எடுத்த ஒரு குழு திண்டுக்கல்லில் கன்னியர் இல்லத்துப் பொறுப்பில் வாசித்துக்கொண்டிருந்ததைக் கத்தோலிக்கராகிய நாமே ஊருக்குச் சொல்லவில்லையே!

பாவூர்சத்திரத்தைச் சுற்றிய ஊர்களில் பிற்பகல் நேரத்தில் திண்ணைகளைப் பார்த்தால் பெண்கள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருப்பார்கள். இலையைக் கத்தரித்து, தூளை வைத்து, சுருட்டி, நூலைக் கட்டி, தலையை மடக்கும் விரல்களில் ஒரு தாளம் ஓடும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தாய்க்குப் பக்கத்தில் மகளும் அமர்ந்திருப்பாள். சக்திக்குள் நுழைந்த பெண்களும் இப்படி ஏதோ ஒரு வேலையிலிருந்து எழுந்து போனவர்களே. இந்தத் திண்ணைகளிலிருந்து ஒருத்தி எழுந்து, குச்சியைக் கையிலெடுத்தால் நம் பங்கு அவளை எங்கே நிறுத்தும்?

அண்மையில் திருவிழாக் கணக்கு வாசிக்கப்பட்ட கூட்டம் ஒன்றில் இருந்தோம். மின்விளக்குக்கு ஒரு வரி, வெடிக்கு ஒரு வரி, இன்னிசைக் கச்சேரிக்கு ஒரு வரி. கொட்டுக்காரர்களுக்குக் கொடுத்தது இதரச் செலவில் சேர்ந்திருந்தது. இளம்பெண் ஒருவர் எழுந்து, அதைத் தனி வரியாகக் கலைஞர்களின் பெயரோடு எழுதலாமே, அடுத்த ஆண்டு அவர்களுக்குக் கோவிலுக்குள் முன்வரிசையில் இடம் ஒதுக்கலாமே என்றார். சிலர் தலையசைத்தார்கள், சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். பொருளாளர் நல்ல மனிதர். குறித்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் பேசுவோம் என்று முடிவாயிற்று.